தெருவிலிருந்து மேடைக்கு: காரைக்கால் வட்டாரத்து நாகசுரமும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும்

காரைக்காலை நடுவில் வைத்து முப்பது மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், திருமருகல், சிக்கல், திருவாரூர், திருவெண்காடு, செம்பொன்னார்கோயில், திருவீழிமிழலை, திருவாவடுதுறை, நரசிங்கம்பேட்டை என்று நாகசுர வரலாற்றின் முக்கியமான ஊர்கள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுகின்றன. கலைஞர்கள் பிறந்த ஊர்கள், அவர்களை ஆதரித்த மடம், கருவியைக் கடைந்த பட்டறை, சீவாளி கட்டிய வீடுகள் ஆகிய அனைத்தும் ஒரே நாளில் மாட்டுவண்டியில் எட்டக்கூடிய தொலைவில் இருந்ததாலேயே, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு காற்றுக்கருவி தன் உருவத்தையும் சுருதியையும் இடத்தையும் ஒருசேர மாற்றிக்கொள்ள முடிந்தது. அந்த மாற்றத்தின் மையத்தில் இருந்தவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் பெரும் வித்துவான் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் அவரைப் பற்றிய எழுத்துகள் பலவும் அவருடைய பிடிவாதங்களையும் ஆடம்பரத்தையும் சொல்லி முடிந்துவிடுவதால், அவர் எதைப் படைத்தார் என்ற கேள்வி போதிய விடையின்றியே நிற்கிறது. கீர்த்தனைகள் இயற்றிப் புகழ்பெறாத ஒருவரை இசைப் படைப்பாளர் என்று கொள்ள இடமுண்டா என்பதே அக்கேள்வியின் கூர்மையான வடிவம்.

மேற்குலகில் இதே கேள்வியை எழுப்பிய இசை ஜாஸ். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே உருவாகி, எழுதிவைத்த மெட்டை ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, வாசிப்பவர் அந்தக் கணத்தில் புதிதாக வளர்த்துச் செல்வதையே உயிராகக் கொண்ட இசை அது. அதில் டிரம்பெட் என்னும் பித்தளைக் குழலை ஊதுபவரே இசையமைப்பாளராகவும் இருப்பது இயல்பு. இன்று நார்வே நாட்டின் நில்ஸ் பெட்டர் மோல்வேர், ஆர்வே ஹென்ரிக்சன் போன்ற டிரம்பெட் கலைஞர்களைப் பற்றிப் பேசுவோர், அவர்கள் வாசிப்பையும் ஆக்கத்தையும் இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. கருநாடக இசையிலோ சாகித்தியம் செய்தவரை வாக்கேயக்காரர் என்றும், அதை வாசிப்பவரை வித்துவான் என்றும் பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். இந்தப் பிரிவினைக்குள் நாகசுரம் அடங்குவதில்லை. வாசிப்பின் பெரும்பகுதி, சொல்லே இல்லாத ராக ஆலாபனையாகவும் மல்லாரி, ரக்தி என்னும் உருப்படிகளாகவும் அமைந்த கருவி அது.

அந்தக் கருவி வளர்ந்த வட்டாரத்தின் நடுவிலிருந்த காரைக்கால் பகுதி 1739இல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்திய நிர்வாகத்தின் கீழ் வரும்வரை, தஞ்சாவூர்ப் பகுதியால் சூழப்பட்ட தனித் தீவாக இருந்தது. இன்றும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாகத் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு நடுவே அப்படியே இருக்கிறது. ஆட்சி எல்லை எதுவாயினும் கோயில்களின் எல்லை வேறு. திருநள்ளாறு, தியாகராசர் எழுந்தருளும் ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று. திருவாரூர், நாகப்பட்டினம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், வேதாரணியம் ஆகிய மற்ற ஆறும் எல்லைக்கு வெளியே இருந்தன. திருவாரூரில் அசபா நடனம் என்றும் திருநள்ளாற்றில் உன்மத்த நடனம் என்றும் ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு நடனம் சொல்லப்படுவதால், இறைவன் வீதிக்கு வரும் அசைவுகூட இசையோடும் தாளத்தோடும் பிணைந்த ஒன்றாகவே இப்பகுதி மக்களுக்குப் பழகியிருந்தது. காரைக்கால் நகரில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மக்கள் மாங்கனிகளை வீசி வழிபடுகிறார்கள். அந்த விழாவின் நாயகியான காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி என்று சுரங்களையும், உடன் ஒலிக்கும் கருவிகளையும் பெயர் சொல்லி அடுக்கியவர். இசையைப் பொதுவாகப் புகழாமல் அதன் உறுப்புகளைத் தனித்தனியே அறிந்து பாடும் பழக்கம் இந்தக் கரையில் அத்தனை பழையது.

கோயிலில் நாகசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்த குழுவுக்குப் பெரிய மேளம் என்று பெயர். ஒத்து என்பது விரலிடும் துளைகள் இல்லாமல் ஆதார சுருதியை மட்டும் இடைவிடாது ஊதித் தரும் குழல். அதை ஊதுபவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் மூச்சிழுத்துக்கொண்டே வாயால் ஊதவேண்டும். பெரிய மேளத்தின் வேலை நாள் முழுதும் பரந்து கிடந்தது. விடியலில் பூபாளம், பௌளி. பள்ளியறையில் நீலாம்பரி, ஆனந்தபைரவி. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. மல்லாரி என்பது பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில், பாடலே இல்லாமல், தாளத்தின் நடைகளை மாற்றிமாற்றி வாசிக்கும் உருப்படி. தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என அதில் வகைகள் உண்டு. மல்லாரி முடிந்து சுவாமி வீதிக்குள் நுழைந்தபின் ராக ஆலாபனை தொடங்கும். ஆலாபனை என்பது சொல்லும் தாளமும் இன்றி ஒரு ராகத்தின் உருவத்தைச் சிறிதுசிறிதாக வெளிப்படுத்துவது. வாய்ப்பாட்டுக் கச்சேரியில் அதற்கு அரைமணி கிடைத்தாலே பெரிது என்றிருந்த நிலையில், நான்கு மாடவீதிகளிலும் தீவட்டி வெளிச்சத்தில் நகரும் ஊர்வலத்தில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க நாகசுரக்காரருக்கு இடமிருந்தது. கருநாடக இசையில் ராகத்தை விரித்துரைக்கும் கலை இவ்வளவு செழித்ததற்குத் தெருவே முதற்காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

காரைக்காலுக்குத் தென்மேற்கே, பிரெஞ்சு எல்லையை அடுத்திருந்த திருமருகலில் 1898 ஆகஸ்ட் 27ஆம் நாள் குப்புசாமி பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனம் என்னும் சைவ மடத்தின் நாகசுர வித்துவான். அவர் சிறுவனைத் தத்தெடுத்துக்கொண்டதால் நடேச பிள்ளையின் பெயரே தலைப்பெழுத்தாக, ராஜரத்தினம் என்ற பெயரோடு அவன் ஆதீனத்தின் நிழலில் வளர்ந்தான். பிற்கால வாசிப்பை விளங்கிக்கொள்ள உதவும் செய்தி அவருடைய பயிற்சியின் வரிசையில் இருக்கிறது. அவர் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. கற்பித்தவரோ திருக்கோடிகாவல் கிருஷ்ண ஐயர் என்னும் பெரும் வயலின் கலைஞர். நாகசுரம் அதற்குப் பிறகுதான் அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளை முதலானோரிடம் வந்தது. பாட்டின் மூச்சும் வில்லின் இழுப்பும் காதில் ஊறியபின் குழலை எடுத்தவர் என்பதால், குழலின் இயல்பான துள்ளலைவிட நீண்ட, அறுபடாத, குரலைப் போன்ற ஓட்டமே அவருக்கு இலக்காயிற்று. அந்த இலக்குக்கு அன்றைய கருவி ஒத்துழைக்கவில்லை.

அன்று புழக்கத்தில் இருந்தது திமிரி நாகசுரம். குட்டையான குழல், நான்கரை, ஐந்து கட்டைச் சுருதி. கட்டை என்பது ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிக்கும் வழக்கு. எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். வெடியும் கூட்டமும் நிறைந்த வீதியில் தொலைவுவரை கேட்க அந்த உச்சச் சுருதி தேவைப்பட்டது. ஆனால் உச்சச் சுருதியில் கீழ்ஸ்தாயி மெலிந்துபோகும். நீண்ட கார்வை, அதாவது ஒரே சுரத்தில் நின்று பிடிப்பது, காதைத் துளைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது கடினம். இன்னொரு குறை இசைக்கணக்கைச் சேர்ந்தது. பழைய குழலில் மத்திமத் துளையில் இயல்பாக ஒலித்தது பிரதி மத்திமத்தை நோக்கிய ஒலி. சுத்த மத்திமம் வேண்டுமானால் வாசிப்பவர் உதட்டாலும் மூச்சாலும் சுரத்தைக் கீழே இழுத்துக்கொள்ளவேண்டும். வேகமான பிரயோகத்தில் இந்த இழுப்பு தெரியாமல் போகலாம். நின்று பிடிக்கும்போது தெரிந்தே தீரும்.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் வழியில், திருவாவடுதுறைக்கு அருகே உள்ள நரசிங்கம்பேட்டையின் ரங்கநாத ஆச்சாரி இந்த இடத்தில்தான் வரலாற்றுக்குள் வருகிறார். நாகசுரத்தின் உடலான உலவு ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. பச்சை மரம் உதவாது. பழைய வீடுகளில் தூணாகவும் உத்திரமாகவும் பல தலைமுறை உலர்ந்து இறுகிய மரமே பிளவும் கோணலும் இல்லாத குழலைத் தரும். உள்ளே துளை மேலிருந்து கீழாகச் சீராக விரிந்து செல்லவேண்டும். கூம்பு வடிவமான இந்தத் துளையும், சீவாளி என்னும் இரட்டை நாக்கும் சேர்வதால்தான் அழுத்தி ஊதும்போது ஒலி சரியாக ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது. நேர்க்குழல் துளை கொண்ட கிளாரினெட்டில் இப்படி நடப்பதில்லை. உலவின் கீழ்முனையில் அணசு என்னும் விரிந்த வாய் பொருத்தப்படும். விரலிடும் துளைகள் 7. அதற்குக் கீழே விரல் படாத துளைகள் 5. இந்த ஐந்தில் மெழுகை அப்பியும் எடுத்தும் சுருதியைத் திருத்திக்கொள்வர். ரங்கநாத ஆச்சாரி ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்கேற்ப உலவின் நீளத்தைக் கூட்டினார். துளைகளின் இடத்தையும் அளவையும் மாற்றினார். சுத்த மத்திமம் துளையிலேயே நேராக ஒலிக்குமாறு செய்தார். பாரி நாகசுரம் என்று வழங்கும் இந்த நீண்ட குழலில் சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. பாரி என்ற நீண்ட குழல்வகை இதற்கு முன்பும் அறியப்படாததன்று. திருவாரூர்க் கோயிலில் பாரி நாயனம் என்ற பெயர் பழையது. ஆனால் கச்சேரிக்குரிய துல்லியத்தோடு அதை அமைத்துப் பொதுக்கருவியாக்கியது இந்த இருவரின் கூட்டு முயற்சியே. ஓர் ஆச்சாரியின் கைவேலையைத் துணைச்செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடும் வழக்கம் நம் இசை வரலாற்று நூல்களில் உண்டு. இங்கே அப்படிச் செய்வது பாதி உண்மையை மறைப்பதாகும்.

நீளமான குழலுக்கு விலை உண்டு. துளைகளுக்கிடையே தொலைவு கூடுவதால் விரல்கள் அகன்று நிற்கவேண்டும். உள்ளே நகரும் காற்றின் அளவு கூடுவதால் மூச்சின் வலு கூடவேண்டும். குழலுக்கேற்ற சீவாளியும் வேண்டும். காவிரிக் கரையில் விளையும் நாணல் தட்டையைப் பதப்படுத்திச் சீவாளி கட்டுவதற்குத் திருவாவடுதுறை பெயர்பெற்ற ஊர். நாணலின் இரு இதழ்களும் உதட்டுக்கிடையில் எவ்வளவு நெருங்குகின்றன என்பதைப் பொறுத்தே சுரம் நுண்ணளவில் ஏறும், இறங்கும். நாகசுரக்காரர் கழுத்தில் சீவாளிகளும், அவற்றின் வாயை அகற்றிச் சரிசெய்யும் தந்தக் குச்சியும் கொத்தாகத் தொங்குவது இதனால்தான். துளையை விரலால் அரைகுறையாக மூடுவதைவிட உதட்டாலும் மூச்சாலும் சுரத்தை வளைப்பதே நாகசுரத்தின் தனித்தன்மை. உதட்டின் அதிர்வையே ஒலியின் பிறப்பிடமாகக் கொண்ட டிரம்பெட்டோடு அதற்கு உறவு இருப்பதும் இந்த இடத்தில்தான். ஊதுமுறையிலும் வகைகள் உண்டு. நாவால் காற்றைத் தட்டித்தட்டிச் சுரங்களைப் பிரித்தொலிப்பது துத்துக்காரம். நாவைப் பயன்படுத்தாமல் ஒரே மூச்சில் இழைத்துச் செல்வது அகாரம். விரலின் வீச்சால் சுரங்களைத் தெளிப்பது விரலடி. தெருவின் உச்சச் சுருதியில் துத்துக்காரமும் விரலடியும் மேலோங்கி நின்றன. பாரி வந்தபின் அகாரத்துக்கு முழு இடம் கிடைத்தது.

இந்த மாற்றங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து பயன்தந்த ராகம் தோடி. எட்டாவது மேளகர்த்தாவான அனுமத்தோடியில் சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் ஆகியவை வருகின்றன. இந்தச் சுரங்களை அசைக்காமல் நேராக ஒலித்தால் அது தோடியாகாது. வடக்கத்திப் பைரவியின் சாயல் வந்துவிடும். காந்தாரம் ரிஷபத்தைத் தொட்டு எழுந்து மத்திமத்தின் விளிம்புவரை போய்த் திரும்பும் அசைவிலேதான் தோடி பிறக்கிறது. அந்த அசைவின் மேல்விளிம்பு சுத்த மத்திமம் என்பதால், அது சற்றே கூடினாலும் காந்தாரமே கெட்டுப்போகும். ரங்கநாத ஆச்சாரி மத்திமத் துளையில் செய்த திருத்தத்துக்கும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்கும் உள்ள தொடர்பு இத்தனை நேரடியானது. குழலின் மரத்தில் செய்த நுண்ணளவு மாற்றமே ஒரு ராகத்தின் முகத்தைத் தெளிவாக்கியது.

அவருடைய தோடி கிராமபோன் தட்டுகளில் கிடைக்கிறது. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே அடங்கும். மணிக்கணக்கில் வாசித்தவர் அந்த அளவுக்குள் செய்தது சுருக்கம் அல்ல, வேறொரு கட்டடம். தொடக்கத்திலேயே ராகத்தின் உயிரான சுரக்கூட்டம் வந்துவிடுகிறது. அடுத்து, ஒரு சுரத்தில் நின்று நீளும் கார்வை, அதன் முனையில் எதிர்பாராமல் உதிரும் பிருகா என்னும் வேகமான சுரக்கொத்து, மறுபடியும் நிதானம். பஞ்சமத்தை விட்டுவிட்டு மத்திமத்திலிருந்து தைவதத்துக்குத் தாண்டும் பிரயோகங்கள் தோடிக்கே உரியவை. அவற்றை அவர் நீண்ட மூச்சில் கோத்து, கேட்பவர் மனம் பஞ்சமத்துக்கு ஏங்கும் நிலையில்தான் அதைத் தருகிறார். இத்தகைய அமைப்பு தற்செயலாக நிகழாது. எதை முன்வைப்பது, எதை மறைத்துவைப்பது, எப்போது விடுவிப்பது என்ற முடிவுகளின் வரிசையே படைப்பு என்றால், காகிதத்தில் ஓர் எழுத்தும் எழுதாமல் அவர் செய்தது முழுமையான இசைப் படைப்பே. வாய்ப்பாட்டு வித்துவான்கள் தம் ஆலாபனையில் நாகசுரப் பிடிகளைக் கொண்டுவந்ததும், குறிப்பாக ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில் ராஜரத்தினம் பிள்ளையின் சாயலைப் பலர் கண்டதும், இந்தப் படைப்பு பிறருக்கு மூலமாக அமைந்ததைக் காட்டுகின்றன.

கருவியை மாற்றியதோடு அது நிற்கும் இடத்தையும் மாற்றவேண்டியிருந்தது. அக்காலத்தில் மேளக்காரர் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் வாசித்தனர். செல்வர் வீட்டுத் திருமணத்தில் தோளில் துண்டு போடக்கூடாது, அதை இடுப்பில் கட்டிக்கொள்ளவேண்டும் என்பது எழுதாத சட்டம். 1930 வாக்கில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டுடன் வாசித்தபோது அதை எடுக்கச் சொன்னவர்களை எதிர்த்து, சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த பட்டுக்கோட்டை அழகிரி அவர் பக்கம் நின்றது அந்த இயக்கத்தின் வரலாற்றில் பேசப்படும் நிகழ்ச்சி. வியர்வையைத் துடைக்க வைத்திருந்த ஒரு துணிக்கு அத்தனை போராட்டம் தேவைப்பட்ட காலத்தில்தான், ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துக் கிராப்பு வைத்துக்கொண்டார். பட்டுச் சட்டையும் கோட்டும் அணிந்தார். மேடையில் அமர்ந்து வாசித்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவின் மெல்லிய சுருதியை வைத்துக்கொண்டார். இவற்றை ஒரு மனிதரின் ஆடம்பர விருப்பமாக மட்டும் எழுதுவது பெருந்தவறு. தம்புராவை வைத்துக்கொண்டதற்கும் பாரியின் தாழ்ந்த சுருதிக்கும் உள்ளுறவு உண்டு. கோட்டும் மேடையும், இசை வேளாளர் சமூகத்துக் கலைஞர் வாய்ப்பாட்டு வித்துவானுக்கு நிகராக அமரும் உரிமையைக் கண்ணுக்குத் தெரியும்படி அறிவித்தன. இசையின் தேவையும் மானத்தின் தேவையும் அவரிடத்தில் ஒன்றாகவே செயல்பட்டன.

தவில் பற்றியும் ஒரு சொல் வேண்டும். வலப்புறத்தை விரல்களில் மாட்டிய கூடுகளாலும் இடப்புறத்தைக் கழியாலும் முழக்கும் தவில், நாகசுரத்துக்கு வெறும் பக்கவாத்தியம் அன்று. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற மேதைகள் ராஜரத்தினம் பிள்ளையுடன் வாசித்த காலத்தில் தவிலுக்கென்றே தனிக் கூட்டம் திரண்டது.

ராஜரத்தினம் பிள்ளையின் தலைமுறையிலேயே, உலகின் மறுகோடியில், ஏறக்குறைய அவர் வழியிலேயே நடந்தவர் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1901இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த அவர் வளர்ந்த சூழலில், பித்தளை வாத்தியக் குழுக்கள் சவ ஊர்வலங்களிலும் திருவிழாக்களிலும் தெருவில் நடந்து வாசித்தன. அவர் 1925 முதல் 1928 வரை சிக்காகோவில் சிறு குழுக்களுடன் பதிவுசெய்த தட்டுகள், அதுவரை பலர் சேர்ந்து பின்னிய ஜாஸை ஒற்றைக் கலைஞரின் நீண்ட கற்பனைக்கு இடம்தரும் இசையாக மாற்றின. அங்கும் தெருவிலிருந்து அறைக்குள் வந்த காற்றுக்கருவி. அங்கும் மூன்று நிமிடத் தட்டு. அங்கும் பொதுமேடையில் மதிப்புக்காக ஒடுக்கப்பட்ட சமூகத்துக் கலைஞர் நடத்திய போராட்டம். ஒருவரிடமிருந்து மற்றவர் எதையும் பெறவில்லை. எனவே இந்த ஒப்புமை பாதிப்பின் வரலாறு அன்று. ஊர்வலக் கருவி கச்சேரிக் கருவியாக மாறும்போது எதிர்கொள்ளும் சிக்கல்கள் எங்கும் ஒன்றே என்பதற்கான சான்று. நார்வேயிலும் பள்ளிப் பிள்ளைகள் மே 17ஆம் நாள் தேசியத் திருநாள் ஊர்வலத்தில் பித்தளைக் குழல்களோடு தெருவில் நடக்கிறார்கள். அப்படிப்பட்ட சூழலிலிருந்து வந்த டிரம்பெட் கலைஞர்கள் பின்னாளில் முழக்கத்தைக் குறைத்து மூச்சின் ஒலியே கேட்குமளவுக்கு மென்மையை நாடினர். ஜப்பானிய மூங்கிற்குழலான ஷாகுஹாச்சியின் ஒலியை டிரம்பெட்டில் தேடிய ஆர்வே ஹென்ரிக்சன், ராஜரத்தினம் பிள்ளை திமிரியை விட்டுப் பாரிக்கு வந்த அதே திசையில் நடந்தவர் என்றே கொள்ளலாம்.

தமிழகத்து இசைக்கும் ஜாஸுக்கும் இடையே நேரடித் தொடர்புகள் பின்னரே ஏற்பட்டன. அமெரிக்க சாக்சபோன் கலைஞர் சார்லி மரியானோ 1960களில் மலேசியாவில் பணியாற்றியபோது அங்கிருந்த தமிழர்களின் நாகசுரத்தைக் கேட்டு மயங்கிக் கற்கத் தொடங்கி, பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்து பயின்றார். ஜெர்மானியக் கலைஞர் எபர்ஹார்ட் வேபரின் 1975இல் பதிவான இசைத்தட்டு ஒன்றில் மரியானோ நாகசுரம் வாசித்திருக்கிறார். ஒஸ்லோவில் ஒலிப்பதிவாகி வந்த ‘விஷன்’ என்னும் தட்டில் தமிழ் வயலின் கலைஞர் எல். சங்கருடன் நார்வேயின் யான் கார்பரெக் சாக்சபோனும் டென்மார்க்கின் பாலே மிக்கல்போர்க் டிரம்பெட்டும் வாசித்தனர். இத்தகைய சந்திப்புகள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் தவிலும் மல்லாரியும் இடம்பெறுவது அதனினும் குறைவு.

ராஜரத்தினம் பிள்ளையின் பொதுவாழ்வு நன்கு அறியப்பட்டது. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1940இல் வெளிவந்த ‘காளமேகம்’ திரைப்படத்தில் அவர் காளமேகப் புலவராக நடித்தார். அப்புலவரைப் பற்றிய கதைகளில் புகழ்பெற்ற வாதம் நடந்ததாகச் சொல்லப்படும் திருமலைராயன்பட்டினம் இன்றைய காரைக்கால் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. திருமருகல்காரருக்கு அது அயலூர் அன்று. 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லியில் நேருவிடம் செங்கோல் அளிக்கப்பட்டபோது உடன்சென்று வாசித்தவரும் அவரே. 1955இல் சங்கீத நாடக அகாதெமி விருது கிடைத்தது. 1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் அனைவருமே ஏதோ ஒருவகையில் அவர் திறந்த வழியில் நடந்தவர்கள். சீடர் காருகுறிச்சி அருணாசலம், 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு இணையாக வாசித்து, நாகசுரமும் மனிதக் குரலும் எவ்வளவு நெருங்க முடியும் என்பதைத் தமிழகம் முழுவதும் கேட்கச் செய்தார். அந்த இணைவாசிப்பு தாழ்ந்த சுருதியும் அகாரமும் இன்றி இயன்றிருக்காது. ஷேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் முதலியோர் கச்சேரி மேடையை இயல்பான இடமாகக் கொண்டு வளர்ந்தனர். திமிரி ஏறக்குறைய வழக்கொழிந்தது.

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். மேடைக் கச்சேரி வாய்ப்பாட்டுக் கச்சேரியின் அமைப்பையே பின்பற்றியதால் வர்ணமும் கீர்த்தனைகளும் நடுவிடம் பிடித்தன. நாகசுரத்துக்கே உரிய ரக்தி, அதாவது சொல்லற்ற ஒரு சிறு இசைத்தொடரைத் தாளத்தின் வெவ்வேறு நடைகளில் நெடுநேரம் விரித்து வாசிக்கும் உருப்படி, ஓரத்துக்குப் போயிற்று. ரக்தி மேளத்துக்குப் பெயர்பெற்ற செம்பொன்னார்கோயில் பரம்பரை அதைக் காத்துவந்தது உண்மை. ஆனால் ஒரு பரம்பரை காக்கவேண்டிய நிலைக்கு அது வந்ததே இழப்பின் அளவைச் சொல்கிறது. ராஜரத்தினம் பிள்ளையின் ஆலாபனையைப் படைப்பு என்று ஏற்கும் அதே காரணத்தால், ரக்தியையும் பெரிய மல்லாரியையும் இயற்றிய பெயர் தெரியாத மேளக்காரர்களையும் இசைப் படைப்பாளர்களாக ஏற்கவேண்டும். அவர்கள் எழுதி வைக்கவில்லை என்பது அவர்கள் படைக்கவில்லை என்றாகாது.

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் தனித்தன்மை குறிப்பிட்ட ஊரோடு பிணைந்தது என்பதற்கான சட்ட அங்கீகாரம் அது. பெயருக்குக் காப்பு வந்திருக்கிறது. மரத்துக்கு இன்னும் வரவில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உலர்ந்த ஆச்சாத் தூண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. கோயில்கள் பலவற்றில் தீபாராதனை நேரத்துக்கு மின்விசையில் இயங்கும் முரசும் மணியும் வைக்கப்பட்டு, மேளக்காரர் பணியிடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. இந்த வட்டாரத்தின் விடங்கத் தலங்களிலும் பிற பெருங்கோயில்களிலும் முழுநேர மேளம் நிலைத்தால் மட்டுமே, தளிகை மல்லாரிக்கும் தீர்த்த மல்லாரிக்கும் உரிய நேரமும் இடமும் நாள்தோறும் இருக்கும். இளையவர் அவற்றைக் கேட்டுக் கற்க வழியும் இருக்கும். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கீர்த்தனை கற்பிக்கலாம், ஆலாபனையின் அடிப்படையும் கற்பிக்கலாம். மூன்று மணிநேரம் நான்கு வீதியும் ஒரே தோடியை நடத்திச் செல்லும் மூச்சையும் கற்பனையையும் வீதியுலாதான் கற்பிக்கிறது.